பேசி முடித்துவிடாதீர்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆலயத் தலைவர்களுக்கும், குடியிருப்புச் சங்கச் செயலாளர்களுக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,



நடந்து போனவரைக் கார் இடித்துவிட்டது என்றால் நம் குடும்பங்களில் முதல் போன் ஆம்புலன்சுக்குப் போகிறது. அடுத்த போன் உங்களுக்குத்தான் வருகிறது. போலீஸ் நிலையத்தில் தடுமாறாமல் மலாய் பேச ஓர் ஆள் வேண்டும். மருத்துவமனையில் எந்தக் கவுண்டரில் நிற்பது என்று தெரிந்த ஓர் ஆள் வேண்டும். இரவு பதினோரு மணியானாலும் நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். அதில் உங்களைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி.

இரண்டொரு நாளில் காரோட்டியின் தரப்பும் உங்களையே தேடி வருகிறது. காரோட்டியின் மாமா உங்கள் ஆலயத்தில் ஓர் உபயம் செய்பவராக இருப்பார், அல்லது உங்கள் தாமானில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பார். "அவனும் நம்ம பையன்தான், வேண்டுமென்றா இடித்தான்?" என்ற பேச்சு தொடங்கும். ஆலய அலுவலகத்தில் இரு தரப்பையும் உட்கார வைப்பீர்கள். இரண்டாயிரம் வெள்ளியோ மூவாயிரம் வெள்ளியோ கைமாறும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்தாகும். கால் முறிந்து வார்டில் படுத்திருப்பவர் தன் எலும்பு கூடுமா கூடாதா என்று அறிந்துகொள்வதற்கு முன்பே அவர் விவகாரம் முடிந்துவிடும்.

இந்தச் சமரசத்தில் யாருடைய பணம் மிச்சமாகிறது என்று நீங்கள் ஒருமுறை கேட்டுப் பார்த்ததுண்டா? காரோட்டியின் பணம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் மிச்சமாவது காப்புறுதி நிறுவனத்தின் பணம்.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் சாலையில் ஓடக் கூடாது என்கிறது. அதற்கு முன்பு 1958ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து அவசரச் சட்டமும் இதையே சொன்னது. இரண்டுக்கும் மூலம் 1930இல் பிரிட்டனில் வந்த சட்டம். காரோட்டிகளில் பலர் வழக்கில் தோற்றாலும் கொடுக்கக் கையில் காசில்லாதவர்கள். தீர்ப்பு வெறும் தாளாகிவிடுகிறது. அடிபட்டவர் தெருவில் நிற்கிறார் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த ஏற்பாடு அது. காரோட்டி தன் காருக்காகக் கட்டும் காப்புறுதி வேறு. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது காருக்கு வெளியே இருப்பவரின் உடலுக்கான காப்புறுதியை. அந்தப் பாதசாரி வாழ்நாளில் ஒரு காசு பிரிமியம் கட்டியிருக்க வேண்டாம். எல்லா வாகனக்காரரும் அவருக்காகக் கட்டியிருக்கிறார்கள்.

காரோட்டி மேல் வழக்குப் போட்டால் வழக்குத் தாளில் அவர் பெயர் இருக்கும். ஆனால் அவருக்காக வாதாட வழக்கறிஞரை நியமிப்பது அவருடைய காப்புறுதி நிறுவனம். தீர்ப்பானால், சட்டத்தின் 96ஆம் பிரிவுப்படி பணத்தைச் செலுத்த வேண்டியதும் அந்த நிறுவனமே. நம்ம பையனுக்கு இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக்காண்டு சேர்ந்து 55 விழுக்காடு வரை போகும் நோ கிளைம் தள்ளுபடி அவருக்குப் போய்விடும். அடுத்த ஆண்டு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது வலிக்கும்தான். அந்த வலியையும் ஒரு குடும்பத்தலைவியின் உடைந்த இடுப்பெலும்பையும் எந்தத் தராசிலும் நாம் சமமாக வைக்க முடியாது. குடித்துவிட்டோ உரிமம் இல்லாமலோ ஓட்டியிருந்தால் கதை வேறு: நிறுவனம் பாதசாரிக்குக் கொடுத்ததைப் பிறகு ஓட்டியவரிடம் திருப்பிக் கேட்கலாம். அதை அவர்கள் இருவரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். பாதசாரியின் உரிமை அதனால் குறையாது.

இன்னொரு குழப்பமும் உங்கள் மேசையில் அடிக்கடி வந்து உட்காருகிறது. கேஸ் போட்டால் பையன் ஜெயிலுக்குப் போய்விடுவான் என்பது அது. அவர் மேல் குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்பது போலீசும் அரசு வழக்கறிஞரும் முடிவு செய்வது. அடிபட்டவர் குடும்பம் அதைத் தொடங்கவும் முடியாது, தாளில் கையெழுத்துப் போட்டு நிறுத்தவும் முடியாது. மது அருந்தி ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி அபராதம் என்று 2020 அக்டோபரில் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அந்த அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. தண்டனை வழங்கும் நீதிமன்றத்திடம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்டு அரசு வழக்கறிஞர் விண்ணப்பிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமுண்டு என்றாலும், குடும்பத்தின் பிழைப்புக்கு அதை நம்பியிருக்க முடியாது. பணத்துக்கான வழி சிவில் வழக்கு. காரோட்டி 300 வெள்ளி கம்பவுண்ட் கட்டிவிட்டார் என்பதோ, போலீஸ் மேல்நடவடிக்கை இல்லை என்று கோப்பை மூடிவிட்டது என்பதோ சிவில் வழக்கின் கதவை அடைப்பதில்லை.

தமிழ்நாட்டு உறவினர் யாராவது இந்த நேரத்தில் போனில் ஆலோசனை சொல்வார். அங்கே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று தனி அமைப்பே உண்டு. இடித்தவர் தவறை நிரூபிக்காமலே மரணத்துக்கு ஐந்து லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கும் பிரிவு உண்டு. இடித்துவிட்டு ஓடிய வாகனத்துக்கும் ஒரு நிதி இருக்கிறது. நியூசிலாந்து 1974இலிருந்தே யார் தவறு என்று கேட்காமல் விபத்தில் காயம்பட்ட எல்லாருக்கும் உதவி செய்கிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. இங்கே காரோட்டியின் கவனக்குறைவை நாம் நிரூபித்தாக வேண்டும். வழக்கு பெரும்பாலும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். மற்ற பெரும்பாலான சிவில் வழக்குகளுக்கு அங்கே பத்து லட்சம் வெள்ளி என்று வரம்பு உண்டு. சாலை விபத்து வழக்குக்கு வரம்பே கிடையாது.

தவறை நிரூபிக்க வேண்டும் என்பதால்தான் முதல் வாரம் இவ்வளவு முக்கியமாகிறது. அந்த வாரத்தைத்தான் நாம் சமரசத்தில் செலவழிக்கிறோம். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் ஓட்டுநருக்குச் சொல்கிறது. அவர் தன் கதையை முதலில் சொல்லிவிடுகிறார்: "திடீரென்று குறுக்கே ஓடி வந்தார்." மயக்கத்தில் கிடப்பவரின் கதையைச் சொல்ல ஆளில்லை. குடும்பத்தில் ஒருவர் அவர் சார்பில் புகார் கொடுக்கலாம். நினைவு திரும்பியதும் அவரே ஒன்று கொடுக்கலாம். கோலாலம்பூர் எல்லைக்குள் என்றால் போக்குவரத்துப் போலீஸ் நிலையம் ஜாலான் துன் எச்.எஸ். லீயில். தைப்பூச வெள்ளி ரதம் புறப்படும் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயமும் அதே சாலையில்தான் இருக்கிறது. ஆலயத்துக்கு வழி தெரிந்தவருக்கு நிலையத்துக்கும் வழி தெரியும்.

புகாரின் நகல், விசாரணை அதிகாரியின் பெயர், பிறகு அவர் வரைந்த இடத்தின் வரைபடம் (ராஜா காசார் என்று கேளுங்கள், உடனே புரியும்), அதன் விளக்கம், படங்கள், விசாரணை முடிவு ஆகியவை வழக்கறிஞருக்குத் தேவைப்படும். இவற்றைப் போலீசிடம் கட்டணம் கட்டிப் பின்னால் வாங்கலாம். அவை எங்கும் ஓடிப்போவதில்லை. ஓடிப்போவது கேமராப் பதிவு. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடைக்கும் நகைக்கடைக்கும் சேலைக்கடைக்கும் கேமரா இருக்கிறது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அப்படியே. அந்தக் கருவிகள் சில நாள்களில் பழையதன் மேல் புதியதைப் பதிந்துவிடும். கடைக்காரர் அந்நியருக்குக் காட்டத் தயங்குவார். ஆலயத் தலைவர் வந்து கேட்டால் காட்டுவார். உங்கள் செல்வாக்கைச் செலவழிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சமரச மேசையில் உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தில் நாலு கடை ஏறி இறங்கிப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லலாம். காரில் டேஷ்கேம் வைத்திருந்தவர் எவராவது பார்த்திருந்தால் அவர் எண்ணையும் வாங்கிவிடலாம்.

அடுத்து மேம்பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஜெஜந்தாஸ் இருக்கும்போது கீழே எதற்குக் கடந்தார்? தவறு நம் மேல்தானே!" என்று குடும்பமே முடிவு கட்டி வழக்கே வேண்டாம் என்று விட்டுவிடுகிறது. 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் 12ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. இரு பக்கமும் தவறிருந்தால் பங்கு பிரிக்கச் சொல்கிறது. பாதசாரி மேல் 40 விழுக்காடு தவறு என்று நீதிபதி கண்டால் ஒரு லட்சம் வெள்ளியில் நாற்பதாயிரம் கழியும், அறுபதாயிரம் கிடைக்கும். அறுபதாயிரத்தைப் பூஜ்யம் ஆக்குவது சட்டமில்லை, நம் வெட்கம். அதோடு மேம்பாலம் எங்கே இருந்தது, படிக்கட்டு முதியவர் ஏறக் கூடியதா, விளக்கு எரிந்ததா, கார் என்ன வேகத்தில் வந்தது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நம் சாலைகள் காருக்காகப் போடப்பட்டவை. கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரம் பஸ்ஸை விட்டு இறங்கி நின்று பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் நீதிமன்றங்கள் இன்னும் இளகிய மனத்தோடு பார்க்கின்றன. லோரிக்காரர் நின்று வழிவிட்டுக் கையசைத்ததை நம்பிச் சாலையைக் கடந்த 13 வயதுச் சிறுமியை இன்னொரு வாகனம் இடித்த வழக்கில், அவள் மேல் துளியும் தவறில்லை என்று 1966இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. விவேகானந்தா பள்ளியோ சிம்பாங் லீமா பள்ளியோ, மணி அடித்ததும் வாசலில் தெரியும் காட்சியை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பிள்ளை அடிபட்டால் அது தன் காரணம் என்று பெற்றோர் தலையில் அடித்துக்கொள்ளும்போது இந்தத் தீர்ப்பை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்சைப் பற்றி எழுதிவிட்டுப் பார்வையற்றோரை விட்டுவிட முடியாது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தோன்றியது. அதன் தலைமையகம் இங்கேதான். அதைச் சுற்றியே பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்களும் அவர்கள் குடியிருக்கும் வீடுகளும் பெருகின. வெள்ளைக் கோலோடு மோனோரயில் தூண்களின் ஓரமாகக் கூட்டத்துக்குள் அவர்கள் நடக்கிறார்கள். 2010 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். வளைவும் வண்ணமும் வந்தன. நடைபாதையில் மோட்டார் ஏறி வருவதும், கடைச் சாமான் வழியை மறிப்பதும் நிற்கவில்லை. "கண் தெரியாதவர் தனியாக ஏன் வர வேண்டும்?" என்ற பேச்சு அடிபட்டதும் கிளம்பும். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்குப் பதில் வந்துவிட்டது. லண்டனில் மின்வாரியப் பணியாளர்கள் நடைபாதையில் பள்ளம் தோண்டிவிட்டு அதற்குத் தடுப்பாக ஒரு நீளக் கைப்பிடிச் சுத்தியலைச் சாய்த்து வைத்தார்கள். ஹேலி என்ற பார்வையற்றவரின் கோல் அதன் மேலாகப் போய்விட்டது. இடறி விழுந்ததில் அவர் செவித்திறனையும் இழந்தார். கண் தெரிந்தவருக்கு அந்தத் தடுப்பு போதும் என்று கீழ் நீதிமன்றங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. 1964இல் பிரபுக்கள் சபை அதை மாற்றியது: பார்வையற்றோர் நகரத்தில் நடப்பார்கள் என்பது எவரும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று, அவர்களுக்கும் சேர்த்துத்தான் கவனமாக இருக்க வேண்டும். நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் அவை எடுத்துப் பார்க்கும் தீர்ப்புகளில் ஒன்று அது. லண்டனில் எதிர்பார்க்க வேண்டியதை ஜாலான் துன் சம்பந்தனில் வாகனம் ஓட்டுகிறவர் எதிர்பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

எவ்வளவு கிடைக்கும் என்று குடும்பம் உங்களிடம்தான் கேட்கும். வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை உண்டு. எந்த எலும்பு முறிவுக்கு எவ்வளவு என்று வழக்கறிஞர் மன்றம் 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி அட்டவணையை நீதிமன்றங்கள் எடுத்துப் பார்க்கின்றன. மருத்துவச் செலவு, பராமரிப்பாளர் செலவு, போக்குவரத்துச் செலவு தனி. ரசீது இருந்தால்தான் பேச முடியும். எதிர்கால வருமான இழப்புக்குச் சட்டமே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. 2020 செப்டம்பர் முதல் நடந்த விபத்து என்றால், முப்பது வயதும் அதற்குக் கீழும் உள்ளவருக்கு 16 ஆண்டு வருமானம். 31 முதல் 59 வயது வரை என்றால் அறுபதிலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். மாதம் 2,000 வெள்ளி சம்பாதித்த 44 வயதுக்காரர் இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டு, பன்னிரண்டு மாதம், இரண்டாயிரம்: 192,000 வெள்ளி. இது ஒரு தலைப்புக்கு மட்டும். ஆலய அலுவலகத்தில் கைமாறிய மூவாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தச் சூத்திரத்தின் கொடுமை அறுபதைத் தாண்டியவர்களிடம் தெரிகிறது. சாலையில் நடப்பவர்களில் அவர்கள் ஏராளம். காலையில் ஆலயத்துக்கும் சந்தைக்கும் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகவும் நடக்கிறார்கள். எதிர்கால வருமான இழப்பு என்று அவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அறுபத்தைந்து வயதில் நாசி லெமாக் பொட்டலம் கட்டிக் குடும்பத்தைத் தாங்கும் பாட்டியின் வருமானத்தைச் சட்டம் காண்பதில்லை. இதைத் திருத்த வேண்டும் என்பது என் கருத்து. 2019இல் ஐம்பத்தைந்தை அறுபதாக்கிய நாடாளுமன்றம் அங்கேயே நின்றுவிட்டது. அதுவரை, முதியவர் வழக்கில் வேதனைத் தொகையும் பராமரிப்புச் செலவும்தான் பெரிய தலைப்புகள். பார்த்துக்கொள்ள மகள் வேலையை விட்டாள் என்றால் அதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அறுபதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இன்னொரு சிக்கல். சம்பளத் தாள், ஈ.பி.எஃப். கணக்கு, வருமான வரி என்று எதுவும் இல்லாமல் கையில் காசு வாங்கி வேலை செய்பவர்கள் நம்மில் ஏராளம். பூக்கட்டுபவர், சமையலுக்குப் போகிறவர், மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர். முதலாளி வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னால் ஓரளவு எடுபடும். அந்த முதலாளி பல சமயம் நீங்களே.

அடிபட்டவர் இறந்துவிட்டால் கேட்கும் உரிமை கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கு. தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளையும் இதில் அடங்குவர். உடன்பிறந்தோர் அடங்க மாட்டார்கள். தம்பியை வளர்த்து ஆளாக்கிய அக்காவுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. மணமாகாத மகன் மாதாமாதம் அம்மா கையில் கொடுத்த பணத்தை அவர் இழப்பாகக் கேட்கலாம். வங்கியில் மாற்றியிருந்தால் ஆதாரம் கையிலேயே இருக்கிறது. துயர இழப்பீடு என்று துணையை இழந்தவருக்கும், பருவம் வராத பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் முன்பு 10,000 வெள்ளி, இப்போது 30,000.

இங்கே ஆலயத் தலைவர்களிடம் தனியாக ஒன்று பேச வேண்டும். உங்கள் மண்டபத்தில் தாலி கட்டிக்கொண்டு, பிறகு செய்யலாம் என்று திருமணத்தைப் பதிவு செய்யாமலே இருந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பிறந்து வளர்ந்தும் ஆகிவிடுகிறது. கணவர் சாலையில் போய்விட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி, "நீங்கள் சட்டப்படி மனைவியா?" 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி விதவைகளைத் துரத்துகிறது. சடங்கு போதும் என்றும் போதாது என்றும் இரு விதமாகவும் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. மண்டபத்தை வாடகைக்கு விடும்போதே பதிவுச் சான்றிதழைக் கேட்டால், பின்னாளில் ஒரு பெண் சாட்சிக் கூண்டில் நின்று அழ வேண்டியதில்லை.

வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ அடிபட்டவருக்கு இரண்டாவது கதவு ஒன்று உண்டு: பெர்கேசோ, நம் வாயில் சொக்சோ. பஸ் நிலையத்திலிருந்து நடந்து போனவருக்கும் அது உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் வெளியே போனவருக்கும் உண்டு. வழியில் திரும்பி வேறு வேலையாகப் போயிருந்தால் கிடைக்காது. எம்.சி. காலத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, நிரந்தர ஊனத்துக்குத் தனிக் கணக்கு, மருத்துவம், மறுவாழ்வு. இதற்கு யார் தவறு என்ற கேள்வியே கிடையாது. 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பணிக்காயப் பாதுகாப்பு உண்டு. பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிள்ளான் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சொக்சோ வாங்கிவிட்டால் காரோட்டி மேல் வழக்குப் போட முடியாது என்று ஒரு வதந்தி உலவுகிறது. அந்தச் சட்டம் தடுப்பது முதலாளி மேல் வழக்குப் போடுவதை. இடித்த வாகனக்காரர் மேல் தாராளமாகப் போடலாம்.

இடித்த வாகனத்துக்குக் காப்புறுதியே இல்லாவிட்டால்? காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் எம்.ஐ.பி. என்ற அமைப்பு இருக்கிறது. 1968இல் போக்குவரத்து அமைச்சரோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, காப்புறுதி இல்லாத வாகனத்துக்கு எதிரான தீர்ப்பை அது ஏற்கும். அதற்கு முன்னறிவிப்பு முதலிய நிபந்தனைகள் உண்டு, வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். இடித்துவிட்டு ஓடி, யார் என்றே தெரியாமல் போனால் அங்கே உரிமையாகக் கேட்க முடியாது. கருணைத்தொகைக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். எனவே வாகன எண்ணில் இரண்டு எழுத்தாவது எவராவது பார்த்தார்களா என்று தேடுவது வெட்டி வேலையில்லை. கிள்ளான் துறைமுகத்துக் கொள்கலன் லோரி என்றால் ஓட்டுநர் மேல் மட்டுமல்ல, அவரை வேலைக்கு வைத்த நிறுவனத்தின் மேலும் வழக்குப் போட வேண்டும்.

நீங்கள் சமரசம் பேசாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். வார்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வருவார். "அண்ணே, நான் பார்த்துக்கறேன், ஒரு காசு கொடுக்க வேண்டாம், கிடைச்சதும் முப்பது பர்சென்ட்" என்பார். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவார். இந்த ஏஜென்டுகள் வழக்கறிஞர்கள் அல்லர். வென்றால் மட்டும் பங்கு என்ற ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் வழக்கறிஞருக்கே தடை செய்திருக்கிறது. அவர் காட்டும் கார்டில் உள்ள பெயர் வழக்கறிஞர் மன்றப் பதிவில் இருக்கிறதா என்று உங்கள் சங்கத்து இளைஞர் ஒருவர் போனிலேயே பார்த்துச் சொல்ல முடியும். வசதியில்லாதவர்கள் அரசின் சட்ட உதவித் துறையையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகலாம். வருமான வரம்பு உண்டு, கேட்டுப் பார்ப்பதற்குச் செலவில்லை. பிள்ளையின் வழக்கு என்றால் எந்தச் சமரசமும் நீதிமன்ற ஒப்புதல் இல்லாமல் செல்லாது. பெற்றோரே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அப்படித்தான். ஆலய அலுவலகத்தில் பிள்ளைக்காக எழுதப்பட்ட தாள்களுக்கு என்ன மதிப்பு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

சமரசமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான வழக்குகள் தீர்ப்புக்குப் போகாமல் காப்புறுதி நிறுவனத்தோடு பேசித்தான் முடிகின்றன. அந்தப் பேச்சு மருத்துவ அறிக்கை கைக்கு வந்தபின், எலும்பு எவ்வளவு கூடியது என்று நிபுணர் எழுதியபின், வழக்கறிஞர் வழியாக நடக்க வேண்டும். அதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம். சட்டம் அந்த அவகாசத்தைக் கொடுத்திருக்கிறது. காயத்துக்கு ஆறு ஆண்டு. இறந்தவரைச் சார்ந்திருந்தோர் வழக்குக்கு இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. இடித்தது அரசு வாகனம் என்றால் 36 மாதம் மட்டுமே. காரோட்டி தரப்பு மனம் கேட்காமல் மருத்துவமனைச் செலவுக்குப் பணம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். "செலவுக்காகப் பெற்றது" என்று மட்டும் எழுதி, "இனி கோரிக்கை இல்லை" என்ற வரியை அடித்துவிடுங்கள்.

தைப்பூசத்துக்கு முன்பு பத்துமலை நோக்கிப் பாதயாத்திரைக் குழுக்கள் உங்கள் ஆலயங்களிலிருந்து இரவில் கிளம்பும்போது எத்தனை பேர், யார் தலைமை, எந்த வழி என்று ஒரு பேரேட்டில் எழுதுகிறீர்கள். அந்தப் பேரேட்டின் கடைசிப் பக்கங்களை இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் வட்டாரத்தில் நடந்து போய் அடிபட்டவர் பெயர், விபத்து நடந்த தேதி, புகார் எண், வாகன எண், மூன்று ஆண்டு நிறைவடையும் தேதி. செயலாளர் மாறினாலும் பேரேடு மாறாது. வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குத் திரும்பும் தொழிலாளி என்றால் அவர் தமிழ்நாட்டு முகவரியையும், வீட்டில் ஒருவரின் போன் எண்ணையும், வழக்கறிஞர் பெயரையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். விமானம் ஏறுவதற்கு முன்பு அவர் வழக்கறிஞரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆலயங்களுக்கு நடந்தே வரும் ஒருவர்